கேக்கில் கண்ணாடி ஜன்னல்: வாசகர் கேள்வி - பதில்

சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி மாதிரி அலங்கரிக்கும் ஸ்டெயின்ட் கிளாஸ் கேக் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த இதழில் பக்கம் முழுவதும் போய்விட்டது. பெரும்பாலான கடிதங்கள் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுதான். ஆனால் கீழே பளபளவென்று வந்த சர்க்கரைக் கண்ணாடி மேலே போனால் பிசுபிசுக்கிறது. மேலே விறைப்பாக நின்ற சாக்லேட் கோடு கீழே வழிகிறது. பாதிப் பேர் தங்கள் கைவாகைக் குறை சொல்லி எழுதியிருக்கிறார்கள். குறை ஊர்க் காற்றில் இருக்கிறது.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வெள்ளை ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு) மேல் கறுப்புக் கோடு போட்டு, நடுவில் கலர் ஜெல் நிரப்பி, சர்ச் ஜன்னல் மாதிரி மின்னும் கேக் செய்ய ஆசை. எங்கள் வீட்டில் முட்டையும் ஜெலட்டினும் ஆகாது. ஜெல்லை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தாராளமாக முடியும். மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு சோள மாவைத் தொட வேண்டாம். சோள மாவில் காய்ச்சிய ஜெல் ஆறியதும் பால் கலந்த மாதிரி மங்கும். கிழங்கு ஸ்டார்ச் ஆறிய பிறகும் தெளிவாகவே நிற்கும். கடையில் 'ஸ்டார்ச்' என்றே கேட்டு வாங்குங்கள். கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மாவில் நார் இருக்கும், ஜெல் கலங்கிவிடும். ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துப் போடலாமே என்று தோன்றும். அது ஏற்கெனவே சூடு பட்டுப் பாதி வெந்த சரக்கு, கட்டி தட்டும்.

8 அங்குல வட்டக் கேக்கின் மேல்பக்கத்துக்கு நாலு கலர் பிரிக்கும் அளவு இது: சர்க்கரை 50 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 25 கிராம், தண்ணீர் 75 மில்லி, ஸ்டார்ச் 6 கிராம், எலுமிச்சைச் சாறு கால் டீஸ்பூன். தண்ணீரில் 25 மில்லியைத் தனியே எடுத்து, பச்சைத் தண்ணீராகவே ஸ்டார்ச்சைக் கரைத்து வையுங்கள். மீதித் தண்ணீரில் சர்க்கரையும் குளுக்கோஸும் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைத்ததை ஒரே சீராக ஊற்றிக் கிளறுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருப்பது ஒரு நிமிடத்துக்குள் சட்டென்று கண்ணாடியாகும். அதன் பிறகு அரை நிமிடம் போதும், இறக்கிவிடுங்கள். இன்னும் கெட்டியாகட்டும் என்று கொதிக்கவிட்டால் நேர்மாறாக நடக்கும்: மரவள்ளி ஸ்டார்ச் அதிகம் கொதித்தால் இளகித் தண்ணீராகும். புளிப்பும் அதையே செய்யும் என்பதால்தான் எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு சேர்க்கிறோம். டீ வடிகட்டியில் வடித்து, ஏடு படியாமலிருக்க ஜெல்லின் மேலேயே படும்படி கிளிங் ஃபிலிம் ஒட்டி ஆறவையுங்கள். விஸ்க் வேண்டாம், ஸ்பேச்சுலா போதும். விஸ்க்கால் அடித்த ஜெல்லில் குமிழி நிறைந்து சோடா மாதிரி இருக்கும்.

கலர் சேர்ப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிண்ணத்தில் பார்க்கும்போது வெளிறித் தெரிகிறதே என்று இன்னும் ஒரு சொட்டு விடுவார்கள்; கேக் மேல் அது பெயின்ட் மாதிரி உட்காரும். பல்குச்சி நுனியால் தொட்டுக் கலந்து, ஒரு சொட்டை ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மெல்லியதாகத் தேய்த்து, செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் எழுத்தை வாசிக்க முடிந்தால் அது கண்ணாடி. முடியாவிட்டால் கலர் கூடிவிட்டது, வெறும் ஜெல் சேர்த்துத் தணியுங்கள். 'பேஸ்டல்' என்று விற்கும் கலர்களில் வெள்ளை நிறமி இருக்கும், இதற்கு உதவாது.

கோட்டுக்கு, முட்டை இல்லாத வழி டார்க் காம்பவுண்ட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்த சாக்லேட் கட்டி). 100 கிராமை உருக்கி, லிக்விட் குளுக்கோஸ் மூன்று நாலு சொட்டு விட்டுக் கிளறினால் கொஞ்சம் தடித்து, பிழிந்த இடத்தில் பரவாமல் நிற்கும். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் எண்ணெயில் கரையும் கறுப்புக் கலர்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர்க் கலர் பட்டால் சாக்லேட் திரிந்து மணலாகிவிடும். பேப்பர் கோனின் நுனியை 2 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். கோட்டின் உயரம் 2 முதல் 3 மில்லிமீட்டர். ஜெல் அதற்கு ஒரு மயிரிழை கீழே நிற்க வேண்டும்.

நிரப்பும்போது கட்டத்தின் நடுவில் விட்டுப் பரப்பாதீர்கள். முதலில் மூலைகளில் ஒவ்வொரு சொட்டு, பல்குச்சியால் மூலை முழுக்க இழுத்துவிட்டு, பிறகு நடுவை நிரப்புங்கள். குமிழியை ஊசியால் குத்தி விடுங்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் இருந்தால் மேலே மெல்லிய தோல் கட்டும். உள்ளே ஜெல் மென்மையாகவேதான் இருக்கும், கெட்டியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடித்தளம் வெள்ளையாக இருப்பது கட்டாயம். கேக்குக்குப் பின்னாலிருந்து வெயில் வரப்போவதில்லை. மேலிருந்து விழும் வெளிச்சம் ஜெல்லுக்குள் இறங்கி, வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் கலர் ஜொலிக்கிறது. இதே ஜெல்லைச் சாக்லேட் கனாஷ் (கிரீமில் உருக்கிய சாக்லேட்) மேல் நிரப்பினால் சேறுதான்.

கேள்வி: படம் வரையத் தெரியாது. ஆரம்பிப்பவர்களுக்கு எந்த டிசைன் சுலபம்?
- வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: வாசலில் சிக்குக் கோலம் போடுவீர்கள்தானே? அதுவே போதும். ஸ்டெயின்ட் கிளாஸுக்கு ஒரே விதி, எந்தக் கோடும் நடுவழியில் நிற்கக் கூடாது. உண்மையான ஜன்னலில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் ஈயப் பட்டை சுற்றிப் பிடித்திருக்கும். அந்தரத்தில் ஒரு துண்டு நிற்காது. சிக்குக் கோலமும் அப்படித்தான். புள்ளியைச் சுற்றி வளையும் கோடு எங்கும் அறுபடாது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மூடிய அறை தானாகவே வரும், நாலு புள்ளிகளுக்கு நடுவிலும் ஓர் அறை வரும்.

8 அங்குலக் கேக்குக்கு ஐந்து புள்ளிக்கு மேல் போக வேண்டாம். அறை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஜெல் நிரப்புவது ஊசியில் நூல் கோக்கிற வேலை. புள்ளி அறைக்கு அடர்ந்த நீலம், சிவப்பு; இடை அறைக்கு மஞ்சள், இளம் பச்சை. எதிர்மாறாகப் போட்டாலும் சரி, அடர்த்தியும் வெளிறலும் மாறி மாறி வந்தால் போதும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் வரும் கூர்மையான மூலைக்குள் ஜெல் போகாது, வெள்ளையாகப் பல்லிளிக்கும். அந்த மூலையைச் சாக்லேட்டால் அடைத்துவிடுங்கள். ஈயம் உருக்கி ஒட்டிய முடிச்சு மாதிரியே இருக்கும். கோலத்தைப் பட்டர் பேப்பரில் போட்டு, ஃபாண்டன்ட் மேல் வைத்து, குண்டூசியால் கோட்டின் மேல் குத்திக்கொண்டே போனால் அச்சு விழும். பென்சில் தடம் கேக்கில் படக் கூடாது.

மயில், மாம்பழம், பூ போடுகிறவர்கள் உருவத்தை மட்டும் வரைந்து நிறுத்திவிடாமல், அதிலிருந்து ஐந்தாறு கோடுகளைக் கேக்கின் விளிம்புவரை இழுத்துவிடுங்கள். பின்னணியும் துண்டு துண்டாகப் பிரிந்ததும் ஜன்னல் தோற்றம் வந்துவிடும்.

கேள்வி: விப்பிங் கிரீம் கேக் மேல், கடையில் வாங்கிய நியூட்ரல் ஜெல்லில் கலர் கலந்து நிரப்பினேன். கோடும் கிரீமில்தான் பிழிந்தேன். இரவு ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் பார்த்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடியிருக்கிறது, கிரீம் முழுக்க ரோஸ். ஜெல் மட்டமா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: ஜெல் மேல் பழி போடாதீர்கள். அதில் இருக்கும் சர்க்கரை கிரீமிலிருக்கும் தண்ணீரை இழுக்கிறது, ஜெல் நீர்த்துப்போகிறது, கலர் அந்தத் தண்ணீரோடு நடக்கிறது. கிரீமில் பிழிந்த கோடு வரப்பு மாதிரி தெரிந்தாலும் உள்ளே காற்றுப்பொந்து, தடுக்காது. ஒரு ராத்திரி என்பது அதற்கு ரொம்ப அதிக நேரம்.

கிரீம் கேக்குக்கு ஜெல்லை நேரடியாக நிரப்பாமல் வெள்ளைக் காம்பவுண்ட் தட்டில் செய்து மேலே வையுங்கள். கொழுப்பு தண்ணீரை விடாது. 7 அங்குல வட்டத்துக்கு 150 கிராம் காம்பவுண்டை உருக்கி, ஓ.எச்.பி. ஷீட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். பளபளப்பு மங்கி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வெந்நீரில் முக்கித் துடைத்த வளையத்தால் வெட்டுங்கள். ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தபின் கவிழ்த்து உரித்தால் ஷீட் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், அந்தப் பக்கத்தில் கோடு போடுங்கள். கோடும் டார்க் காம்பவுண்டாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அடியில் சந்து இருக்காது. சந்து இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் கலரில்லாத ஜெல்லை ஓர் அறையில் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

தட்டை வெட்டும்போது நொறுங்கும். கேக் வெட்டுவதற்கு முன் அதை முழுதாகத் தூக்கித் தனியே வைத்துவிடச் சொல்லி, வாங்குகிறவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி அணைந்த அடுத்த நொடி உங்களுக்குத்தான் போன் வரும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சர்க்கரைக் கண்ணாடி செய்தேன். 200 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. தெர்மாமீட்டர் வைத்துச் சரியாக 150 டிகிரியில் இறக்கினேன். டீ கலரில் வந்தது. நீலம் ஊற்றினால் பச்சையாகிறது. மறுநாள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வளைந்துவிட்டது. இதே அளவில் சேலத்தில் அக்கா செய்தால் நன்றாக வருகிறது.
- வாசகி, ஏற்காடு

பதில்: மூன்று காரணங்கள் சேர்ந்து கெடுத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். பாகும் அதே மாதிரி சுமார் 5 டிகிரி முன்னதாகவே பதத்துக்கு வரும். 150 டிகிரி என்று ரெசிபி சொல்வது, பாகில் தண்ணீர் கிட்டத்தட்ட வற்றிவிட்டது என்பதற்கான அடையாளம். உங்கள் ஊரில் அந்த அடையாளம் 145. அதைத் தாண்டி 150 வரை விட்டது, சேலத்தில் 155 வரை விட்ட மாதிரி. சர்க்கரை கருகத் தொடங்கும் பக்கம் போய்விட்டீர்கள். மஞ்சள் ஏறிய பாகில் நீலம் பச்சையாகத்தான் தெரியும்.

இதற்கு அட்டவணை எதுவும் தேவையில்லை. செய்வதற்கு முன் அதே தெர்மாமீட்டரை உங்கள் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. காட்டுகிற எண் 100-க்கு எத்தனை குறைகிறதோ, அத்தனையை ரெசிபியின் எண்ணிலிருந்து கழியுங்கள். தெர்மாமீட்டரே ஓரிரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் அந்தத் தப்பும் இதில் அடங்கிவிடும். கூடவே பழைய சோதனை ஒன்றும் இருக்கிறது: ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது, பல்லில் ஒட்டக் கூடாது. இதற்கு மலையும் தரையும் ஒன்றுதான்.

இரண்டாவது எலுமிச்சைச் சாறு. சர்க்கரை பூத்துவிடாமல் இருக்கப் புளிப்பு விடுவது வழக்கம்தான். ஆனால் ஒரு முழு டீஸ்பூன் அதிகம். புளிப்பு சர்க்கரையை உடைத்து வேறு இரண்டு சர்க்கரைகளாக்குகிறது. அதில் ஒன்று காற்றிலுள்ள ஈரத்தை வெறியோடு இழுக்கும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். சாற்றை விட்டுவிட்டு லிக்விட் குளுக்கோஸுக்கு மாறுங்கள்: சர்க்கரை 200 கிராம், குளுக்கோஸ் 80 கிராம், தண்ணீர் 70 மில்லி. தண்ணீரைக் குறைத்தால் அடுப்பில் நிற்கும் நேரமும் குறையும், நிறமும் காப்பாற்றப்படும். சர்க்கரை கரைகிற வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபின் கரண்டி போகக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்த படிகங்களை ஈரப் பிரஷ்ஷால் வழித்து உள்ளே தள்ளுங்கள். அதில் ஒன்று விழுந்தாலும் பாகு முழுக்க வெள்ளையாகப் பூக்கும். இறக்கி, கொதி அடங்கியதும் கலர் இரண்டு சொட்டு. தண்ணீர்க் கலர் என்றால் 'சுர்'ரென்று ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குமிழி மேலே வர ஒரு நிமிடம் பொறுத்து, சிலிக்கான் மேட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுங்கள்.

மூன்றாவது மலைப்பனி. இதற்கு எண்ணும் இல்லை, கணக்கும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் அடுப்படிக்குள் வருகிற ஊரில் சர்க்கரைக் கண்ணாடி சில மணி நேரத்தில் வியர்க்கத்தான் செய்யும். ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில், துண்டுகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். கேக்கில் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் குத்துங்கள். கிரீமுக்குள் இறங்கும் அடி விளிம்பை உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி எடுத்தால் கரையாமல் நிற்கும்.

செலவு பரவாயில்லை என்றால் மலையில் ஐசோமால்ட்டுக்குப் போவதே நிம்மதி. அதுவும் சர்க்கரையிலிருந்து செய்வதுதான், ஆனால் ஈரத்தை அவ்வளவு இழுக்காது, சீக்கிரம் சிவக்காது. தண்ணீர் சேர்க்காமல், அடி கனத்த பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உருக்கி, 165-170 டிகிரியில் இறக்குங்கள். தண்ணீரே இல்லாததால் மலைக்காக இதில் எதையும் கழிக்க வேண்டாம். தெர்மாமீட்டரின் சொந்தத் தப்பு இருந்தால் மட்டும் பாருங்கள். ஐசோமால்ட் நிறையத் தின்றால் வயிறு உப்பும், இளகும். அலங்காரத் துண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டுக்குமே பொது எச்சரிக்கை: இந்தச் சூட்டில் பாகு தோலில் பட்டால் எண்ணெய் மாதிரி வழியாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே கையை அதில் விட்டு, பிறகு குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். பிள்ளைகளை அடுப்படிப் பக்கமே விட வேண்டாம்.

கேள்வி: கேக் மேல் செங்குத்தாகப் பாய்மரம் மாதிரி நிற்கும் ஒளி ஊடுருவும் ஷீட்டுகளைப் பார்த்தேன். அது ஜவ்வரிசியில் செய்ததாமே?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ஆமாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர்ச் சரக்குதான். பாதி செய்முறை உங்கள் வீட்டில் மொட்டை மாடியில் நடக்கிற வற்றல் வேலையேதான்; உப்பும் சீரகமும் பச்சை மிளகாயும் கிடையாது, அவ்வளவே.

மாவு ஜவ்வரிசி கரைந்து கூழாகும், நைலான் ஜவ்வரிசி வாங்குங்கள். பளிச்சென்ற வெள்ளையைத் தேட வேண்டாம், வெந்தால் எல்லாம் கண்ணாடிதான். 50 கிராமை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 600 மில்லி கொதிக்கும் தண்ணீரில் போட்டு அடிபிடிக்காமல் கிளறுங்கள். முத்துக்கு நடுவில் குண்டூசித் தலை அளவு வெள்ளை மீதி இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். சல்லடையில் கஞ்சியை வடியுங்கள், ஆனால் கழுவாதீர்கள். முத்துகளை ஒட்டவைப்பது அந்தப் பிசுக்குதான். கழுவினால் காய்ந்தபின் ஷீட் மணி மணியாக உதிரும். கலர் இரண்டு சொட்டு கலந்து, லேசாக எண்ணெய் தடவிய சிலிக்கான் மேட்டில் ஒற்றை முத்துக் கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டு கலர் சந்திக்கும் இடத்தில் கரண்டியால் குழப்பாமல் விட்டால் பழைய காலக் குமிழிக் கண்ணாடி மாதிரி வரும்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மேலே வலைத்துணி கட்டி ஒன்றரை நாள். மழைக்காலத்திலும் ஏற்காட்டிலும் வெயிலை நம்ப முடியாது. ஓவனில் 80 டிகிரியில் மூன்று மணி நேரம். ஓரம் தூக்கி, நடுப்பகுதி தோல் மாதிரி மடங்குகிற பதத்தில் உரித்து, ஒரு டம்ளர் மேல் போட்டு வளைத்து, மீதியைக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் வளைத்தால் முறியும். கடித்தால் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். அழகுக்கு வைக்கிற பொருள், ருசிக்கு அல்ல.

கேள்வி: ஜெலட்டின் ஷீட், கடல்பாசி ஷீட், இரண்டில் எது நல்லது?
- வாசகி, ஆத்தூர்

பதில்: தெளிவிலும் நெகிழ்விலும் ஜெலட்டினை அடிக்க ஆளில்லை. 10 கிராம் பொடியை 45 மில்லி குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதிக்காமல் இளஞ்சூட்டில் கரைத்து, மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு, ஓ.எச்.பி. ஷீட்டில் மெல்லியதாகப் பரப்பினால் ஒரு நாளில் காய்ந்து தானே உரியும். சேலம் பக்கம் உலர்ந்த காற்றில் சுருண்டுகொள்ளும்; கிளிசரின் கால் டீஸ்பூன் சேர்த்தால் சுருளாது. ஆனால் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் கேட்காமலே அதைச் சொல்லிவிட வேண்டும். கேக்கில் 'எக்லெஸ்' என்று எழுதிவிட்டு மேலே ஜெலட்டின் ஷீட் குத்துவது சரியில்லை.

கடல்பாசியை, கடைகளில் சைனா கிராஸ் என்பார்கள், ஷீட் செய்வதைவிடக் கேக்கின் மேலேயே ஊற்றி உறையவைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக உறைந்த ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும், சேலத்துக் கோடையில் மேஜையிலேயே ஓடும். கடல்பாசி உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை அசையாது. 200 மில்லி தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, 2 கிராம் கடல்பாசிப் பொடி. இரண்டு மூன்று நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் மணலாக நிற்கும். கை பொறுக்கிற சூடு வந்ததும் ஊற்றுங்கள். 40 டிகிரிக்குக் கீழே போனால் கிண்ணத்திலேயே உறைந்துவிடும்.

கேள்வி: குக்கீ நடுவில் ஓட்டை போட்டு மிட்டாய் உருக்கினால் நுரைத்துப் பொங்கி வழிகிறது.
- வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: ஆரம்பத்திலிருந்தே மிட்டாயை வைத்துவிடுகிறீர்கள். 175 டிகிரியில் குக்கீ முக்கால் பங்கு வெந்தபின் வெளியே எடுத்து, பொடித்த மிட்டாயை ஓட்டையின் முக்கால் உயரத்துக்குப் போட்டு, மறுபடி மூன்று நாலு நிமிடம். உருகி மட்டமானதும் எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் பழ மிட்டாய்தான் வேண்டும், பால் சேர்ந்தது ஆகாது. சூட்டோடு உரிக்காமல் ட்ரேயிலேயே ஆறவிடுங்கள்.

கேள்வி: கலரெல்லாம் சாப்பிடலாமா? கடையில் 'நான் டாக்ஸிக்' என்று எழுதிய பளபளா பவுடர் தருகிறார்கள்.
- வாசகி, ஓமலூர்

பதில்: 'நான் டாக்ஸிக்' என்றால் தெரியாமல் வாயில் பட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தம், சாப்பிடும் பொருள் என்று அர்த்தமில்லை. 'எடிபிள்' என்ற சொல்லும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும், உள்ளே இருக்கும் கலரின் பெயரும் டப்பாவில் இருக்க வேண்டும். நம் நாட்டில் உணவில் அனுமதித்த செயற்கைக் கலர்கள் எட்டே எட்டுதான்: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ, இண்டிகோ கார்மைன், ஃபாஸ்ட் கிரீன். லேபிளில் இவற்றின் பெயர் தேடுங்கள். பஞ்சுமிட்டாய் விற்பனைக்கு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை போட்டது நினைவிருக்கும். காரணம் அதில் இருந்த ரோடமின் பி, துணிச்சாயம். அடையாளம் இல்லாத, எடைபோட்டு விற்கும் அடர் ரோஸ் பொடியை எந்தக் கேக்குக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: சேலத்தில் செய்த ஸ்டெயின்ட் கிளாஸ் கேக்கை ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெல் சாயாமல் எப்படி?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மேல்பக்க ஜெல் 2 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் வளைவில் சாயாது, தோல் பிடித்துக்கொள்ளும். முந்தின நாளே நிரப்பிவிடுங்கள். ஆபத்து பக்கவாட்டில் நிற்கும் கண்ணாடித் துண்டுகளுக்குத்தான். அவற்றைக் கேக்கில் குத்தாமல் டப்பாவில் தனியே கொண்டுபோய், மண்டபத்தில் வைத்துக் குத்துங்கள். கொஞ்சம் உருக்கிய வெள்ளைக் காம்பவுண்டும், உடையும் என்று கணக்குப் போட்டு நாலைந்து துண்டுகள் கூடுதலாகவும் இருக்கட்டும்.

கேக் பெட்டியை சீட்டில் வைக்காதீர்கள். சீட் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், வளைவுக்கு வளைவு கேக் நகரும். காரின் கால் வைக்கும் தரையில், அடியில் வழுக்காத ரப்பர் மேட் விரித்து வையுங்கள். ஏ.சி. போட்டு ஏறுங்கள், ஆனால் மேலே போனதும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். குளிர்ந்த கேக் மேல் ஈரக் காற்று பட்டால் ஃபாண்டன்ட் வியர்க்கும், அந்த வியர்வையில்தான் கலர் ஓடும். மூடிய பெட்டியின் வெளிப்பக்கம் ஈரம் பூத்துக் காய்ந்துவிட்டால் திறக்கலாம். மேலே ஒரு சொட்டு நீர் நின்றாலும் துடைக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரின் முனையால் தொட்டு உறிஞ்சி எடுங்கள்.